பலகை போகிற வழி

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்குப் பெரியண்ணன் எழுதுவது.

இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே குளிரில் பல் கிட்டுகிறது என்று உன் பெரிய அண்ணி சொன்னாள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

முதுகுக்கு என்ன என்று கேட்பாய். நம் மரப்பட்டறைதான் காரணம். நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்தெருப் பக்கத்துப் பாதி எனக்கு, பின்தெருப் பக்கத்துப் பாதி உன் சின்னண்ணனுக்கு. பட்டறையாக இருந்தது இரண்டு ரயில் பெட்டி ஆகிவிட்டது. பெரிய ரம்பம் என் பங்கு. அடியில் சிமெண்ட் மேடை, அதற்கும் அடியில் குழியில் மோட்டார். தெருவிலிருந்து வரும் பலகை நேராக ஏறட்டும் என்று நாமே பார்த்துப் பார்த்து வைத்தது. இப்போது பலகை பாதி அறுபட்டதும் அதன் மூக்கு சுவரில் போய் முட்டுகிறது. ரம்பத்தை நிறுத்தி, பின்னால் இழுத்து, திருப்பிப் போட்டு, மறுமுனையிலிருந்து அறுக்க வேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு படி விழுகிறது. வீட்டுக்குப் படி வைக்கலாம், பலகைக்குப் படி எதற்கு?

அறுத்ததை இழைக்கவும் வழியில்லை. இழைக்கும் மெஷின் அவன் பக்கம் போய்விட்டது. மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையில் பழைய இழைப்பு மெஷின் ஒன்று இருக்கிறது. யானைக்குட்டி அளவு. அதை வாங்கி உள்ளே வைக்கலாம் என்று எண்ணம். அடுக்குமாடி வீடுகளில் கைக்குட்டை அகலச் சமையலறைக்குள் அத்தனை அலமாரியையும் நுழைப்பதுதானே உன் பிழைப்பு? இதையும் எங்கே நுழைப்பது என்று சொல்.

அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் செய்த தேக்கு அலமாரிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தவனோடு எனக்குப் பேச்சு கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெரியண்ணன்

பிப்ரவரி 11

வாலுவுக்குச் சின்னண்ணன் எழுதுவது.

நலமா? நான் நலம், உன் சின்ன அண்ணி நலம். பக்கத்து முதலாளியின் நலம் எனக்குத் தெரியாது. ரம்பச் சத்தமும் நடுநடுவே திட்டுகிற சத்தமும் கேட்கின்றன, ஆகையால் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறார்.

எனக்கு உன் மூளை கொஞ்சம் கடன் வேண்டும். இழைக்கும் மெஷினுக்குள் பலகையைக் கொடுக்கிற பக்கத்தில்தானே அந்தச் சுவர் நிற்கிறது? சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் பலகை நிற்க இடமில்லை, நான்தான் நிற்கிறேன். பலகையைச் சாய்த்துப் பிடித்து உள்ளே விட்டால் மெஷின் முனையைக் கடித்துத் துப்புகிறது. முட்டுச்சந்துக்குள் லாரியைத் திருப்புகிற கதைதான்.

இதில் ரம்பமும் கிடையாது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம். அதனால் ஏலத்துக்கு வரும் பெரிய ரம்பம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற இந்த இடத்தில் அதை எந்த மூலையில் வைப்பது? படம் போட்டு அனுப்பு.

பக்கத்து முதலாளிக்கு மூச்சு விடாதே. இன்னும் அந்தப் பெயிண்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அலமாரி வாங்கிய அம்மா வெள்ளைதான் வேண்டும் என்றார். அலமாரி அவருடையது, ரசனை அவருடையது. நான் வெறும் பிரஷ். அதற்கு, வாடிக்கையாளர் முன்னாலேயே, "மரத்தைக் கொன்னுட்டியேடா பாவி"ன்னு கத்தினால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.
சின்னண்ணன்

மார்ச் 2

அன்புள்ள பெரியண்ணனுக்கு வாலுவின் வணக்கம்.

நாங்கள் நலம். காது மூடியிருக்கிறது. உங்கள் முதுகுக்கு அண்ணி ஒத்தடம் கொடுப்பாள் என்று தெரியும். ரம்பத்துக்கு யார் ஒத்தடம் கொடுப்பது?

மெஷின் விஷயத்துக்கு வருவதற்கு முன் என் விஷயம். ஆகஸ்டில் எனக்கு ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. எடுக்காவிட்டால் போய்விடும், அடுத்த லீவு எப்போது என்று சொல்வதற்கில்லை. வந்தால் யார் வீட்டில் பெட்டியை இறக்குவது? போன தடவை பகலில் உங்கள் வீடு, இரவில் அவன் வீடு. எல்லாக் கதையையும் இரண்டு முறை சொன்னேன், எல்லா வேளையும் இரண்டு முறை சாப்பிட்டேன், ஒரு முறைகூட வாய்விட்டுச் சிரிக்காமல் திரும்பினேன். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. மறுபடி அப்படி வர எனக்குத் தெம்பு இல்லை அண்ணா. இங்கேயே போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவேன்.

சரி, மெஷின். எதையும் இப்போது வாங்காதீர்கள். நான் சமையலறைக்குச் செய்வதைச் சொல்கிறேன். தடிமனான அட்டையை மெஷின் அளவுக்கு வெட்டித் தரையில் போடுங்கள். அதோடு நிறுத்தக் கூடாது. மெஷின் கால் நீட்டிப் படுக்காது, பலகைதான் படுக்கும். பலகை வருகிற வழிக்கும் போகிற வழிக்கும் சேர்த்து அட்டை போட வேண்டும். முதலில் இருக்கிற ரம்பத்துக்குப் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

சின்னண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம்.

அண்ணிக்கு என் அன்பு.
வாலு

மார்ச் 2

சின்னண்ணனுக்கு வாலு எழுதுவது.

நலம். நீயும் அப்படியே இரு.

ஆகஸ்டில் எனக்கு ஒரு மாத லீவு. நான் வரப்போவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மத்தளமாகப் பிறக்கவில்லை.

ரம்பத்தை ஏலத்தில் எடுக்காதே. அட்டையை வெட்டு. மெஷினுக்கும் சேர்த்து, பலகை வருகிற வழிக்கும் போகிற வழிக்கும் சேர்த்து. முதலில் இருக்கிற இழைப்பு மெஷினுக்குப் போடு. போட்டதும் அட்டை எங்கே போய் நிற்கிறது என்று எழுது.

பெரியண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம்.

சின்ன அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
வாலு

மார்ச் 21

அன்புத் தங்கைக்குப் பெரியண்ணன் எழுதுவது.

சுகம். முதுகு பழகிவிட்டது, அல்லது நான் முதுகுக்குப் பழகிவிட்டேன்.

நீ வராவிட்டால் உன் அண்ணி என்னைச் சும்மா விடமாட்டாள். இப்போதே பாத்திரம் வைக்கிற சத்தம் மாறியிருக்கிறது. இறங்குவதற்கு வீடா இல்லை? மூத்தவன் வீடு இருக்கும்போது என்ன யோசனை? இதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா?

அட்டை போட்டேன். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, ஒட்டி, வெட்டி, தெருவாசலிலிருந்து விரித்துக்கொண்டே போனேன். ரம்பம் தாண்டியதும் சுவர் வந்துவிட்டது. அட்டை இன்னும் ஓர் ஆள் நீளத்துக்கு மிச்சம். மடித்துச் சுவரில் சாய்த்தேன். இப்போது நிமிர்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "இது என்ன முதலாளி, சுவருக்குச் சட்டை தைக்கிறீங்களா?"ன்னு கேட்கிறார்கள்.

ரம்பத்தைத் திருப்பலாம் என்றால் சிமெண்ட் மேடையை உடைக்க வேண்டும். அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. சிமெண்ட் ஈரமாக இருந்தபோது மூன்று பேரும் அதில் கால் பதித்தோம், நினைவிருக்கிறதா? சின்னவன் செருப்போடு மிதித்துவிட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

மேலே என்ன செய்ய?
பெரியண்ணன்

மார்ச் 24

வாலு,

சுகமா? இங்கே அட்டை சுவரில் ஏறி நிற்கிறது. மெஷினுக்கு முன்னால் இவ்வளவு நீளம் வேண்டும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. இத்தனை நாள் அந்த இடம் சும்மா இருந்தது, யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை.

நீ மத்தளம் என்று எழுதியதை உன் சின்ன அண்ணி இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னிடம் பேசவில்லை. இந்த வீட்டில் பேசாமல் இருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

சுவரைத் தள்ளி வைக்கிற வித்தை எதுவும் உன் தொழிலில் உண்டா?
சின்னண்ணன்

ஏப்ரல் 8

அன்புள்ள பெரியண்ணனுக்கு வணக்கம்.

இருவரும் நலம். குளிர் விட்டது.

மேடையை உடைக்காதீர்கள். சமையலறைக்குள் அலமாரி நுழையாவிட்டால் நான் அலமாரியைத் திட்டமாட்டேன், சுவரைப் பார்ப்பேன். ரம்ப மேஜையின் மட்டத்துக்கு நேராக, சுவரில் ஒரு முழம் அகலமும் ஒரு சாண் உயரமுமாக ஓர் ஓட்டை போடுங்கள். பலகையின் மூக்கு அதில் நுழைந்து போகட்டும். ஒற்றைச் செங்கல் சுவர்தானே, உளியும் சுத்தியும் போதும். மற்ற நேரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். அந்தப் பக்கம் இழைப்புத் தூள் மூட்டைகள் கிடக்கும், பலகை கொஞ்சம் எட்டிப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவன் இல்லாத நேரமாகப் பார்த்து நீளப் பலகைகளை அறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு அவன் குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குப் போகிறானாம். பட்டறை பூட்டியிருக்கும். அன்றே முடித்துவிடுங்கள். காலையிலேயே.

நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.
வாலு

ஏப்ரல் 8

சின்னண்ணனுக்கு,

நலம், நலம், எல்லாம் நலம். சுவரைத் தள்ள முடியாது, துளைக்கலாம்.

இழைப்பு மெஷினின் மேஜை மட்டத்துக்கு நேராக, ஒரு முழம் அகலம், ஒரு சாண் உயரம். பலகையின் வாலை அதற்குள் விட்டு நேராகப் பிடித்தால் மெஷின் முனையைக் கடிக்காது. அந்தப் பக்கம் வாலைப் பார்த்து யாராவது கேட்டால் எலி என்று சொல்லிக்கொள்.

வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு பெரியண்ணன் மரம் பார்க்க வெளியூர் போகிறாராம். காலையிலேயே ஆரம்பித்துவிடு. பின்னால் நீயாகவே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், எனக்குப் புகழ் வேண்டாம்.

வாலு

ஜூன் 3

அண்ணன்மார் இருவருக்கும், ஆளுக்கொரு பிரதியாக எழுதுவது.

எல்லோரும் நலம்தானே? மே மாதம் முழுவதும் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அண்ணிமார்களுக்கு எழுதிக் கேட்டால், "அதை அவங்களே எழுதுவாங்க" என்று ஒரே மாதிரி பதில் போட்டிருக்கிறார்கள். விளையாட்டு வினையாகிவிட்டதா? யாருக்காவது அடிபட்டதா? செங்கல் காலில் விழுந்ததா, அல்லது ஒருவர் தலையில் ஒருவர் போட்டீர்களா?

நான் உங்கள் நல்லதுக்குத்தான் எதையும் செய்வேன். இரண்டு பேருமே எனக்கு வேண்டும். ஒருவர் பாக்கி இல்லாமல் வேண்டும். கோபம் இருந்தால் கோபமாகவே எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாலு

ஜூன் 22

அன்புத் தங்கைக்குப் பெரியண்ணன் எழுதுவது.

சின்னண்ணனும் எழுதுவது.

சுகம் விசாரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. ஏண்டி, சின்னவன் மாமனார் வீட்டுக்குப் போகிறான் என்று உனக்கு யார் சொன்னது?

அண்ணன் மரம் பார்க்கப் போகிறார் என்று சொன்னது யார்? அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வா.

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெரியவன் நான் ஒழுங்காகச் சொல்கிறேன். அந்த ஞாயிறு காலை, கதவை உள்பக்கம் தாழிட்டு, திருடன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உளியை வைத்துத் தட்டினேன். நான் ஒரு தட்டு தட்டினால் இரண்டு தட்டு கேட்டது. காலிப் பட்டறை, எதிரொலி என்று நினைத்தேன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எதிரொலி இருமியபோதுதான் சந்தேகம் வந்தது.

அதற்குள் நாலு செங்கல் ஒன்றாக உதிர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் சிமெண்ட் தூசியில் வெளுத்து ஒரு முகம். இவன். இரண்டு பேருடைய ஓட்டையும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தது. ஒரு முழம், ஒரு சாண்.

அண்ணன் இதை எழுதமாட்டார், நான் எழுதுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத மனுஷன் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "கண்ணாடிய மாட்டுடா, கண்ணுல விழுந்து வைக்கப்போகுது." அவ்வளவுதான். அவர் எப்போதாவது பேசினால் சொல்வதற்கு நான் எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தேன்! ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. "நீ மட்டும் மாட்டியிருக்கியா?"ன்னு கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

தூசிதான். எனக்கும் தூசிதான்.

பிறகு அண்ணனும் நானும் நன்றாகச் சண்டை போட்டோம். இது யார் ஓட்டை என்று. முதலில் தட்டியவர் யார் என்று. கதவைத் திறக்காமல், குனிந்துகொண்டு, ஓட்டை வழியாகவே. இடுப்பு பிடித்துக்கொண்டதும் நிறுத்தினோம்.

போட்டது போட்டாயிற்று, ஒரு பலகை விட்டுப் பார்ப்போம் என்றேன். இருப்பதிலேயே நீளமானதை எடுத்தேன். ரம்பம் ஓடியது. மூக்கு முட்டுகிற இடம் வந்ததும் பழக்கத்தில் என் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இவன், "தள்ளுண்ணே, நான் பிடிச்சுட்டேன்" என்றான்.

பிடித்து, அப்படியே இழைப்பு மெஷினுக்குள் விட்டேன். மட்டம் அப்படி ஒரு மட்டம். முன்தெருவில் ஏறிய பலகை பின்தெருவில் வழவழவென்று இறங்கியது, நடுவில் படியும் இல்லை, கடியும் இல்லை. அந்த இரண்டு மெஷினையும் அந்தக் காலத்தில் ஒரே கோட்டில் வைத்தவர்கள் நாம்தான் என்பதை நாங்கள் இரண்டு பேரும் எப்படி மறந்தோம்? தூரத்தில் இருக்கிற உனக்கு எப்படி மறக்கவில்லை?

தொழிற்சாலை மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவனும் ஏலத்துக்குப் போகவில்லை.

அண்ணனோ நானோ அப்போதே எழுதியிருக்கலாம். யார் எழுதுவது என்பதுதான் தகராறு. முதலில் எழுதுகிறவன் தோற்றவன் ஆகிவிடுவான். கடைசியில் உன் ஜூன் கடிதம் வந்தது. "ஒருவர் பாக்கி இல்லாமல்" என்ற இடத்தை உன் சின்ன அண்ணி சத்தமாக வாசித்தாள். அதனால்தான் ஒரே தாள், இரண்டு பேனா.

ஓட்டை இப்போது முன்பு போட்ட அளவில் இல்லை. பலகைக்குப் போட்ட ஓட்டையில் முதலில் தேநீர் டம்ளர் போய் வந்தது. ஒவ்வொரு யோசனைக்கும் தெருவைச் சுற்றி வர நேரமாகிறது என்று ஆள் நுழைகிற அளவுக்குத் தட்டினோம். நான் நுழைந்துவிட்டேன். அண்ணன் ஆப்பசைத்த குரங்கு மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டார். பட்டறைக்குள் நுழையாத பெரிய மெஷின் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வயிற்றுக்குத் தகுந்த மாதிரி மறுபடி தட்டி அகலப்படுத்தினோம். இனிமேல் அதை வாசல் என்றுதான் சொல்ல வேண்டும்.

வயிறு என்று எழுதியிருக்கிறான், பார்த்துக்கொள். வெள்ளைப் பெயிண்ட் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. அதை நான் சாகிற வரை சொல்வேன், அவன் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

கேட்டுக்கொள்கிறேன். எதிரொலியைவிட இது பரவாயில்லை.

ஆகஸ்டில் நீ வருகிறாய். என் வீட்டில்தான் இறங்க வேண்டும். மூத்தவன் நான்.

என் வீட்டில்தான். மாடி அறையில் நல்ல காற்று. போன தடவை எனக்கு இராத்திரி மட்டும்தான் கிடைத்தது.

இந்த விஷயத்தில் இன்று காலையிலிருந்து எனக்கும் இவனுக்கும் பேச்சு இல்லை. தாளை மட்டும் அந்த வாசல் வழியாக நீட்டிக்கொள்கிறோம். நீயே ஒரு முடிவு சொல்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. எங்கள் என்று நான்தான் எழுதினேன்.
பெரியண்ணன்

நானும் எழுத இருந்தேன்.
சின்னண்ணன்

ஜூலை 6

அன்புள்ள என் இரண்டு அண்ணன்களுக்கு,

ஒரே உறைக்கு ஒரே பதில். இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உங்கள் கடிதத்தை வேலை செய்கிற வீட்டின் பாதி முடிந்த சமையலறையில், இன்னும் அலமாரி ஆகாத பலகைத் தட்டில் உட்கார்ந்து படித்தேன். "தள்ளுண்ணே, நான் பிடிச்சுட்டேன்" என்ற இடத்தில் அழுதேன். வயிறு என்ற இடத்தில் சிரித்தேன். வீட்டின் சொந்தக்காரர், அவரும் தமிழர்தான், எட்டிப் பார்த்து, "என்னம்மா, அளவு தப்பா?" என்று கேட்டார். "இல்லைங்க, இந்த ஒரு தடவை சரியா வந்துருச்சு"ன்னேன்.

மாமனார் வீடும் மரம் பார்க்கப் போனதும் நானாகச் சொன்னவை. இரண்டு பொய்க்கும் சேர்த்துத் திட்டுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, நான் மட்டும்தான் வருகிறேன். ஆகஸ்ட் ஏழு, மாலை.

யார் வீடு என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் முடிவு செய்யக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை. நான் பட்டறையின் முன்தெரு வாசலில் வந்து இறங்குகிறேன். ரம்பத்தைத் தாண்டி, அந்தப் புது வாசலுக்குள் நுழைந்து, இழைப்பு மெஷினைத் தாண்டி, பலகை போகிற வழியிலேயே பின்தெருவுக்கு வெளியே வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அப்புறம் எந்த வீடானாலும் சரி.

ஒரே ஒரு பெட்டிதான் கொண்டு வருகிறேன். துணி கொஞ்சம். மீதி முழுக்க உங்களுக்காக வாங்கிய கீல், தாழ்ப்பாள், இரும்புச் சாமான். ஓர் ஆள் தூக்கினால் நகராது, நானே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் எழும்பும்.

வாலு